புதுப்பிப்பு: பிஞ்சு உதிர்ந்த பரங்கி இப்போது சமையலறையில்

ஜூலையில் கேட்டிருந்தேன்: லண்டனில் அலாட்மென்ட்டில் (காய்கறி போட வாடகைக்கு எடுக்கும் தோட்டத் துண்டு) பரங்கிப் பிஞ்செல்லாம் மஞ்சளாகி உதிருதே, ஏன் என்று. மகரந்தம் சேரலை, காலையிலேயே ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவுங்க என்றீர்கள். அப்படியே செய்தேன். 4 ‘கிரௌன் பிரின்ஸ்’ ரகப் பரங்கிகள் தேறின!

உறைபனி விழுமுன் காம்போடு அறுத்து, 10 நாள் ஜன்னலோர வெயிலில் காயவைத்தேன். சாம்பல் பூத்த நீலத் தோல், நகம் இறங்காது. அவசரப்பட்டு வெட்டிய ஒன்று சப்பென்று இருந்தது. 6 வாரம் கழித்து வெட்டியதில் மாவுச்சத்து சர்க்கரையாகி, அப்படியொரு தித்திப்பு. கடுகு, வெந்தயம், வற்றல் மிளகாய் தாளித்துப் புளிக்குழம்பு வைத்தேன், வெல்லமே தேவைப்படலை. மீதி இரண்டும் குளிர்ந்த அறையில், ஒன்றையொன்று தொடாமல் இருக்கின்றன. வழி சொன்ன எல்லோருக்கும் ரொம்ப நன்றி.