வயலை விற்றுப் பைலட் படிப்பு: சரியா, பிழையா?

எருவில்காரன் எழுதியது:
மகள் இந்த முறை கணிதப் பிரிவில் உயர்தரம் எழுதி முடித்துவிட்டாள். சின்ன வயதிலிருந்தே பைலட் ஆசை. இப்போது கொழும்புக்குப் பக்கத்தில் இரத்மலானையில் உள்ள ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியின் விண்ணப்பத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டாள். கையில் காசு இல்லை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் பரம்பரை வயல் இருக்கிறது, விற்றால் ஓரளவு தேறும். மனைவிக்குச் சம்மதம், என் மூத்த அண்ணன் கூடவே கூடாது என்கிறார். தெரிந்தவர்கள் மனம்விட்டுச் சொல்லுங்கள்.

வெல்லாவெளியான் எழுதியது:
அண்ணே, வயலில் கை வைக்காதீர்கள். வணிக விமானி லைசன்ஸ் வந்தால் வேலையும் வந்துவிடும் என்று பள்ளிக்காரர்கள் பேசுவார்கள். அந்த லைசன்ஸுக்குச் சர்வதேச விதிப்படி 200 மணித்தியாலம் பறந்திருக்க வேண்டும், அங்கீகாரம் பெற்ற பாடநெறியாகத் தொடர்ந்து படித்தால் 150. அதை முடித்தவர் ஏர்பஸ் ஏ320 போன்ற பெரிய பயணிகள் விமானத்தை உடனே ஓட்ட முடியாது. அந்த ரக விமானத்துக்கென்று தனியாக டைப் ரேட்டிங் எடுக்க வேண்டும், அது இன்னொரு பெருந்தொகை. பெரிய விமானம் ஓட்டும் கம்பனிகள் நம் நாட்டில் எத்தனை? ஒரு கைவிரலே அதிகம்.

என் அக்கா மகன் இந்தப் பாதையில் போனவன். பள்ளியின் பெயர் வேண்டாம். கட்டணத்தில் பெரும்பகுதியை முதலிலேயே வாங்கிவிட்டார்கள். 2022இல் ரூபாய் விழுந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. விமானப் பெற்றோலும் உதிரிப்பாகமும் டொலரில் வருபவை. விமானம் பழுதாகிக் கொட்டகையில் நின்றது, பிள்ளை வாடகை அறையில் காத்துக் கிடந்தான். மறுகா ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் மேலதிகமாகக் காசு கேட்டார்கள். அக்காவின் நகை அடகிலேயே மூழ்கிவிட்டது. அவன் இப்போது கட்டாரில் வேறு வேலை செய்கிறான்.

மேகவழி எழுதியது:
நான் கல்முனைப் பிள்ளை, இரத்மலானையில் பறந்துகொண்டிருக்கிறேன். வெல்லாவெளி அண்ணா சொன்னது நடந்த கதை, அப்படிப் பலருக்கு நடந்தது. ஆனால் அது பணத்தை மொத்தமாக முன்கூட்டியே கட்டியதால் வந்த வினை. பறக்கப் பறக்கக் கட்டும் முறைக்கு ஒத்துக்கொள்ளும் இடத்தைத் தேட வேண்டும். முதலில் தனியார் விமானி லைசன்ஸ், அதற்கு 40 மணித்தியாலம். அதோடு நிறுத்திப் பார்க்கலாம், பிள்ளைக்கு இது பொருந்துகிறதா என்று அதற்குள் தெரிந்துவிடும்.

அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது மாமா. சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை அங்கீகரித்த மருத்துவரிடம் கிளாஸ் 1 மெடிக்கல், அதாவது வணிக விமானிக்கு வேண்டிய உடல்தகுதிப் பரிசோதனை, செய்யுங்கள். கண்ணாடி போடுபவர் என்றால் பயப்பட வேண்டாம், கண்ணாடியோடு ஒவ்வொரு கண்ணிலும் 6/9, இரண்டு கண்ணும் சேர்ந்து 6/6 பார்வை இருந்தால் போதும். நிறப்பார்வைக் குறைபாடு இருந்தால்தான் பெரிய சிக்கல். காதும் இதயமும் பார்ப்பார்கள். இதில் தடை வந்தால் வயல் தப்பிவிடும். மெடிக்கல் எடுக்காமல் காசு கட்டிய பிள்ளைகளை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

வாகரைக் கடல் எழுதியது:
1500 மணித்தியாலம் இல்லாமல் எந்த ஏர்லைன்ஸும் எடுக்காது. 200இல் இருந்து 1500க்குப் போக யார் காசு கொடுப்பது?

மேகவழி எழுதியது:
அது அமெரிக்காவின் சட்டம். 2009இல் பஃபலோவுக்குப் பக்கத்தில் விழுந்த விமானத்துக்குப் பிறகு, 2013இல் துணை விமானிக்கும் 1500 மணித்தியாலம் என்று அங்கே கொண்டுவந்தார்கள். மற்ற நாடுகள் பலவற்றில் வணிக லைசன்ஸ், பல எஞ்சின் விமானத் தகுதி, கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி, டைப் ரேட்டிங் ஆகியவை இருந்தால் துணை விமானியாக உட்காரலாம். கப்டன் இருக்கைக்குத்தான் 1500 வேண்டும், அந்த மணித்தியாலங்களைச் சம்பளத்தோடு சேர்க்கலாம்.

சம்மாந்துறை நானா எழுதியது:
வளைகுடாவில் விமான நிலையத் தரைப்பணியில் நெடுங்காலம் இருந்தவன் நான். இரண்டு விசயம் சொல்கிறேன் தம்பி. மெடிக்கல் ஒருமுறை எடுத்தால் முடிந்த கதை இல்லை, வருசா வருசம் புதுப்பிக்க வேண்டும், 60 வயதுக்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. நாற்பது வயதில் சீனி கூடி இன்சுலின் ஏற்ற வேண்டி வந்தால் தொழிலே போகலாம். நம்மூரில் எத்தனை வீட்டில் சீனி வருத்தம் இருக்கிறது, யோசியுங்கள். மற்றது, இலங்கை லைசன்ஸை வைத்துக்கொண்டு வெளிநாட்டில் நினைத்த இடத்தில் ஓட்ட முடியாது. ஐரோப்பாவில் அந்நாட்டுப் பரீட்சைகளை மறுபடி எழுதச் சொல்வார்கள். 2020இல் கொரோனா வந்தபோது பெரிய கம்பனிகளே விமானிகளை வீட்டுக்கு அனுப்பின, அந்தக் கோலத்தை நான் கண்ணால் கண்டேன்.

ஆனாலும் பிள்ளைக்கு மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

வாகரைக் கடல் எழுதியது:
விமானப்படையில் சேர்ந்தால் திருகோணமலை சீனக்குடாவில் செலவில்லாமல் பழக்குவார்கள். பிறகு சிவில் பக்கம் வரலாம்.

எருவில்காரன் எழுதியது:
அது எங்கள் வீட்டில் நடக்காது தம்பி. காரணத்தை இங்கே எழுத விருப்பமில்லை.

வெல்லாவெளியான் எழுதியது:
மேகவழி தங்கச்சி, உங்களுக்கு உங்கள் வீட்டில் வசதி இருந்திருக்கும். இந்த அண்ணனுக்கு அந்த வயல்தான் இரண்டு போகச் சோறு. லைசன்ஸ் எடுத்துவிட்டு மூன்று வருசம் வேலையில்லாமல் இருந்தால், பறக்காத பிள்ளையின் தகுதிகளைப் புதுப்பிக்கவும் காசு வேண்டும். அதற்கு எதை விற்பது? விமானத்துறைதான் வேண்டும் என்றால் விமானப் பராமரிப்புப் பொறியியல் இருக்கிறது, வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு இருக்கிறது. கணிதப் பிள்ளைக்கு அவையும் நல்ல வேலைகள்.

மேகவழி எழுதியது:
வசதி இல்லை அண்ணா. என் உம்மா சவூதியில் உழைத்த காசில்தான் பறக்கிறேன், அதனால் ஒவ்வொரு மணித்தியாலத்தின் விலையும் எனக்குத் தெரியும். மாமாவின் மகள் கேட்டது பைலட், நீங்கள் சொல்வது வேறு தொழில். பெரும்போகத்துக்கு விதைக்கும்போது மழை வரும் என்று யாராவது எழுதித் தந்தா விதைக்கிறோம்?

1958இல் கட்டிய விமான நிலையம் மட்டக்களப்பில் இருக்கிறது. 1983இல் விமானப்படை எடுத்தது, 2018இல் மறுபடி பொதுமக்களுக்குத் திறந்தார்கள். வணிக லைசன்ஸுக்கு ஒரே பயணத்தில் குறைந்தது 540 கிலோமீட்டர் பறந்து, வழியில் இரண்டு வேறு நிலையங்களில் இறங்க வேண்டும் என்று விதி. நம்மூர்ப் பிள்ளை ஒருத்தி தனியாக ஓட்டிவந்து அந்த ஓடுபாதையில் இறங்க வேண்டும் என்பது என் பெரிய ஆசை. கொழும்புப் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய தொழில் இது என்று எத்தனை காலத்துக்கு விட்டுக்கொடுப்பது?

வெல்லாவெளியான் எழுதியது:
ஆசை எனக்கும் இருக்கிறது. காணி உறுதியைக் கைமாற்றிய பிறகு அந்த வயல் திரும்பாது என்பதைத்தான் சொல்கிறேன்.

எருவில்காரன் எழுதியது:
எல்லோருக்கும் நன்றி. மகளையும் பக்கத்தில் இருத்தி வாசிக்க வைத்தேன். நானா சொன்ன சீனி விசயத்தில் கொஞ்சம் அமைதியாகிவிட்டாள், என் தாயாருக்கு இருக்கிறது. முதலில் கொழும்பு போய் மெடிக்கல் செய்யப் போகிறோம். அது சரிவந்தால் 40 மணித்தியாலத்துக்கு மட்டும் காசு புரட்ட வேண்டும். வயலை விற்காமல் ஒரு போகத்துக்குக் குத்தகைக்கு விட்டு, மனைவியின் சீட்டையும் எடுத்தால் ஒரு பங்கு வரும். பறக்கப் பறக்கக் கட்டலாமா என்று அந்தப் பள்ளியில் கேட்டேன், முழுத்தொகையும் முதலிலேயே கட்டினால் கட்டணத்தில் கழிவு தருவதாகச் சொல்கிறார்கள். என்ன சொல்வது?

வெல்லாவெளியான் எழுதியது:
கழிவு வேண்டாம் என்று சொல்லுங்கள் அண்ணே.

மேகவழி எழுதியது:
இதில் நான் அண்ணாவின் பக்கம். எத்தனை விமானம் இப்போது பறக்கும் நிலையில் நிற்கிறது, ஒரு மாணவருக்கு மாதம் எத்தனை மணித்தியாலம் கிடைக்கிறது என்று நேரில் போய்க் கேளுங்கள். பள்ளிக்காரரிடம் கேட்டதோடு விடாமல் அங்கே படிக்கும் பிள்ளைகளிடமும் கேளுங்கள் மாமா. மெடிக்கலுக்கு வரும்போது சொன்னால் நானும் கூட வருகிறேன்.