சொந்தத் தளத்துக்குப் புது முகம்: வாசகர் புகாரைக் கண்டுகொள்ள வேண்டுமா?

உப்பளம்:
நாலாம்தெரு தன் தளத்தைப் புதுப்பித்த கையோடு ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். "சொந்தத் தளத்தின் தோற்றத்தை மாற்றினால் வரும் விமர்சனமெல்லாம் பழக்கம் மாறிய எரிச்சல்தான். பதில் சொல்லாமல் விட்டால் தானாக அடங்கிவிடும்" என்கிறார். புதிதாகத் தளம் தொடங்குபவர்களுக்கு இதையே அறிவுரையாகவும் கொடுத்திருக்கிறார். அதனால்தான் இதை எழுதுகிறேன். அவர் தளத்தில் இப்போது வெள்ளைப் பின்னணியில் #999999 சாம்பல் எழுத்து. கான்ட்ராஸ்ட், அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு, 2.85க்கு 1. வலைத்தளங்களை எல்லோரும் அணுகும்படி அமைப்பதற்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.0 விதிமுறை 2008லேயே வந்துவிட்டது. சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தபட்சம் 4.5க்கு 1 வேண்டும் என்கிறது. வாசகர்கள் படிக்க முடியவில்லை என்று சொன்னது எரிச்சலில் இல்லை, உண்மையாகவே முடியவில்லை.

நாலாம்தெரு:
தளம் என்னுடையது. விளம்பரம் கிடையாது, சந்தா கிடையாது. டொமைனுக்கும் ஹோஸ்டிங்குக்கும் பணம் கட்டுவது நான். முன்பு மஞ்சள் பின்னணி வைத்தபோது திட்டினார்கள். அதை எடுத்ததும் அதே ஆட்கள் வந்து "மஞ்சள்தானே உங்கள் அடையாளம்" என்றார்கள். இவர்கள் சொல்வதைக் கேட்டு நிறம் மாற்றிக்கொண்டே இருந்தால் எப்போது எழுதுவது? அரசுத் தளத்துக்கும் வங்கித் தளத்துக்கும் போட்ட விதியை என் வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவராதீர்கள்.

உப்பளம்:
மஞ்சள் பிடிக்கவில்லை என்றவர் வேறு, சாம்பலைப் படிக்க முடியவில்லை என்பவர் வேறு. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி மூலையில் போட்டுவிட்டீர்கள். முதலாமவருக்குப் பதில் சொல்லாவிட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது. இரண்டாமவர் பேசாமல் போய்விடுவார். நீங்கள் அதைத்தான் "அடங்கிவிட்டது" என்று கணக்கில் எழுதிக்கொள்கிறீர்கள்.

அந்த 4.5 யாரோ மனம்போனபடி போட்ட எண் இல்லை. குறையில்லாத பார்வைக்கே 3க்கு 1 வேண்டும். எண்பது வயதை ஒட்டியவர்களுக்குப் பொதுவாக இருக்கும் 6/12 பார்வைக்கு (நல்ல பார்வை உள்ளவர் 12 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில்தான் படிக்க முடியும்) ஈடுகட்டத்தான் அதை 4.5 ஆக்கினார்கள். உங்கள் 2.85 கண்ணாடியே தேவைப்படாதவருக்கும் போதாது.

பனங்காய்:
உப்பளம் அண்ணே, நானும் வலை வடிவமைப்பில்தான் இருக்கிறேன். கான்ட்ராஸ்ட் கணக்கிடும் அந்தப் பழைய சூத்திரத்தில் ஓட்டை இருப்பது துறையில் எல்லோருக்கும் தெரியும். இருண்ட நிறங்களில் தப்பான விடை தரும். அதனால்தான் ஏ.பி.சி.ஏ. என்று புதுக் கணக்கு உருவாகிக்கொண்டிருக்கிறது. எழுத்தின் அளவு, தடிமன் எல்லாம் அதில் சேரும். ஒரு எண்ணைத் தூக்கிக்கொண்டு வந்து ஒருவரின் ரசனையை அடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் தளம் இப்போதுதான் பார்க்கவே அழகாக இருக்கிறது.

உப்பளம்:
தம்பி, தடிமனைச் சேர்த்தே பார்ப்போம். அவர் வைத்திருப்பது 300 எடை (சாதாரணத் தடிமன் 400), மெல்லிய எழுத்துரு. நீளமான பத்திகளுக்கு உங்கள் ஏ.பி.சி.ஏ.விலும் அந்தச் சாம்பல் தேறாது. போட்டுப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். ஆங்கிலத் தளத்தில் எடுத்த வார்ப்புருவை அப்படியே தமிழுக்குப் போட்டால் முதலில் காணாமல் போவது புள்ளிதான். மெல்லிய சாம்பலில் க, க் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ண, ன பக்கத்தில் பக்கத்தில் வந்தால் சுழிகளை எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. உச்சி வெயிலில் பேருந்து நிறுத்தத்தில் நின்று கைப்பேசியில் படிப்பவரை நினைத்துப் பாருங்கள். பெரிய திரை முன்னால் குளிரறையில் உட்கார்ந்து பார்த்தால் எல்லாம் அழகுதான்.

தறிச்சத்தம்:
நிறத்தை விடுங்கப்பா. முகவரிகள் எல்லாம் மாறிவிட்டதே, அதை யாரும் கேட்க மாட்டீர்களா? 2006, 2007 பதிவுகளுக்கு நான் கொடுத்த சுட்டிகள் அத்தனையும் 404, பக்கம் இல்லை என்கிறது. நல்ல முகவரி மாறாது என்று வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998லேயே எழுதிவிட்டார். தளத்தைக் கலைத்துக் கட்டும்போது பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் தானாகத் திருப்பிவிடும் 301 போடுவது பெரிய வேலை இல்லை. இதைப் பின்னூட்டத்தில் கேட்டேன், பதில் இல்லை. மின்னஞ்சலில் கேட்டேன், அதற்கும் பதில் இல்லை.

நாலாம்தெரு:
தறிச்சத்தம் வந்துவிட்டாரா, சரி. 2010ல் தமிழக அரசு யூனிகோடோடு டேஸ்16 என்ற இன்னொரு தமிழ் எழுத்துக் குறியாக்கத்தையும் தரமாக அறிவித்தபோது இங்கே நடந்த சண்டையில் என்னைத் தமிழ்த் துரோகி என்றவர் இவர். நான் அன்றைக்கே யூனிகோடில் எழுதிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு உலகம் முழுக்க எதில் எழுதுகிறது என்று அவரே பார்த்துக்கொள்ளட்டும். அவருக்கு நான் பதில் எழுத வேண்டிய கடமை எதுவும் இல்லை.

தறிச்சத்தம்:
துரோகி என்று நான் எழுதவில்லை. ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி இடம் இருந்தால் நிரலில் கையாள எளிது என்றேன். இப்போதும் அதையேதான் சொல்வேன். நான் கேட்டது 301 பற்றி. அதற்கு டேஸ்16 பதில் ஆகாது.

குறுமிளகு:
ஒரு வாசகராக நான் சொல்லலாமா? உலாவியில் ரீடர் மோட் இருக்கிறது. ஒரு தட்டு தட்டினால் கருப்பு எழுத்து, வேண்டிய அளவு. அவர் எந்த நிறம் வைத்தால் என்ன? நான் அப்படித்தான் அவர் கட்டுரைகளைப் படிக்கிறேன். விஷயம் நன்றாக இருக்கிறது, அது போதும்.

உப்பளம்:
முகநூல் செயலிக்குள்ளேயே திறக்கும் பக்கத்தில் எத்தனை பேருக்கு அந்த ரீடர் மோட் கையில் கிடைக்கிறது? அவருடைய சாம்பலைத் தாண்டிவிட்டுத்தான் நீங்களே படிக்கிறீர்கள். அதை அவரிடம் சொன்னீர்களா? சொல்லியிருந்தால் அதையும் பழக்கம் மாறிய எரிச்சல் என்றுதான் எழுதியிருப்பார்.

புகார் வந்தால் முதலில் என்ன கைப்பேசி, என்ன உலாவி, ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்கள் என்று கேட்க வேண்டும். அதைத் திறந்து நாமே பார்க்க வேண்டும். பிறகு மாற்றலாம், மாற்றாமலும் இருக்கலாம். ஏன் மாற்றவில்லை என்று இரண்டு வரி எழுதினால் போதும், வாசகருக்கு மரியாதை கிடைத்துவிடும். இவர் பின்னூட்டப் பெட்டியையே மூடிவிட்டு, விமர்சனம் நின்றுவிட்டது என்கிறார்.

நாலாம்தெரு:
பெட்டியை மூடியது குப்பைப் பின்னூட்டங்களுக்காக. உங்களுக்காக இல்லை. அவ்வளவு முக்கியத்துவம் நீங்களே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் தளத்தைக் கடைசியாக எப்போது புதுப்பித்தீர்கள்? பத்து வருடத்துக்கு முந்தைய வார்ப்புரு, பக்கப்பட்டை முழுக்கப் பட்டைகள், வருகை எண்ணி வேறு. எதையும் மாற்றாதவருக்கு விமர்சனம் எங்கிருந்து வரும்?

உப்பளம்:
என் தளத்தில் கருப்பு எழுத்து, வெள்ளைப் பின்னணி. 21க்கு 1. யாரும் படிக்க முடியவில்லை என்று சொன்னதில்லை. வருகை எண்ணி என் விருப்பம், அது யார் கண்ணையும் கெடுக்காது.

பனங்காய்:
21க்கு 1 எல்லோருக்கும் சுகம் என்று நினைக்காதீர்கள் அண்ணே. டிஸ்லெக்சியா என்ற வாசிப்புச் சிரமம் உள்ள சிலருக்குத் தூய வெள்ளை மேல் தூய கருப்பு கூசும். நீங்களும் உங்கள் கண்ணை வைத்துத்தான் பேசுகிறீர்கள்.

உப்பளம்:
கூசுகிறது என்று ஒருவர் எழுதினால் அன்றைக்கே வெள்ளையைக் கொஞ்சம் மங்கலாக்குவேன். இங்கே பேச்சு அதுவா? #767676 போட்டால் 4.54 வந்துவிடும். அதுவும் சாம்பல்தான், ரசனை எங்கேயும் போய்விடாது. தோற்றத்தைத் தீர்மானிக்கும் சி.எஸ்.எஸ். கோப்பில் ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரியை மாற்ற மாட்டேன் என்று இவ்வளவு வாதம். #595959 என்றால் 7க்கு 1, 6/24 பார்வை உள்ளவரும் படிப்பார்.

நாலாம்தெரு:
எண் எண்ணாக எழுதிக்கொண்டே இருங்கள். நிறம் மாறாது.

உப்பளம்:
2.85. அதுவும் மாறாது.

தறிச்சத்தம்:
நிறம் மாறினாலும் மாறாவிட்டாலும் 2006 பதிவுகள் இன்னும் 404தான். அதில் உப்பளத்தின் பழைய பதிவுகளுக்குப் போகும் சுட்டிகளும் இருந்தன, அவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

உப்பளம்:
தறிச்சத்தம், அதற்குத் தனி இழை தொடங்குங்கள். இது எழுத்தின் நிறம் பற்றியது.