சட்டைப் பையில் வெளுத்துப்போன டிக்கெட்

ஒத்தக்கடை ரெப்:
மருந்து கம்பெனி ரெப்பா 9 வருஷம் ஓடியாச்சு. நாங்க நாலு பேரு டீக்கடையில நின்னா சம்பளத்தப் பத்தி பேச மாட்டோம், எக்ஸ்பென்ஸப் பத்திதான் பேசுவோம். மதுரைக்குள்ள சுத்துனா எச்.க்யூ., அதாவது நம்ம தலைமையிடம். உசிலம்பட்டி, மேலூருன்னு போயிட்டு அன்னைக்கே திரும்பினா எக்ஸ்-ஸ்டேஷன். போடியில ராத்தங்கினா அவுட்ஸ்டேஷன். மூணுக்கும் தினப்படி வேற வேற. பயணக் காசு தனி, அது கம்பெனி போட்டு வச்சிருக்கிற ஃபேர் சார்ட் படி, எந்த ரூட்டுக்கு எவ்வளவுங்கிற பட்டியல்.

அந்த சார்ட்ல தேனி ரூட்டு ஆரப்பாளையத்துல ஆரம்பிக்கும். நான் குடியிருக்கிறது ஒத்தக்கடை. ஆரப்பாளையம் வந்து சேரவே 10 கிலோமீட்டருக்கு மேல ஆகும். அது யாரு கணக்கு? மேனேஜரக் கேட்டேன். "ஆரப்பாளையத்துப் பக்கம் வீடு பாத்துக்க வேண்டியதுதான தம்பி"ன்னுட்டாரு.

ஒரு மே மாசம் ஆண்டிபட்டி போயிட்டு வந்தேன். கண்டக்டர் மெஷின்ல கிழிச்சுக் குடுத்த டிக்கெட்டு சட்டைப் பையிலயே கெடந்துச்சு. மாசக் கடைசியில ஏ4 தாள்ல பசை தடவி ஒட்டலாம்னு எடுத்தா, வேர்வையில ஊறி வெள்ளைத் தாளா நிக்குது, ஒரு எழுத்து இல்ல. அப்படியே ஒட்டி அனுப்புனேன். சிவப்பு மையில ஒரு கேள்விக்குறியோட திரும்பி வந்துச்சு. இப்பல்லாம் சீட்டுல உக்காரும் முன்னாடியே போட்டோ எடுத்துருவேன்.

கணக்குப்பிள்ளை:
அந்தச் சிவப்பு மை என்னை மாதிரி ஆள் போட்டதுதான், கோவிச்சுக்காதீங்க. ஆடிட்டர் வந்து உக்காந்தா எங்களத்தான் குடைவாரு. வேலையா வெளியூர் போறதுக்குக் குடுக்கிற படி, செலவான அளவுக்கு வரி கெடையாது, புது வரி முறையிலயும் அப்படித்தான். ஆனா செலவாச்சுன்னு காட்டணும்ல. வீட்டுல இருந்து ஆபீஸ் போய்வர்ற படிதான் வேற கதை. மாசம் 1,600 வரைக்கும் இருந்த விலக்கு, 2018-19ல சம்பளத்துல பொதுவா கழிக்கிற நிலைக்கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்சன்) வந்ததும் போயிருச்சு. ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சு சண்டைக்கு வர்றவங்க இன்னும் இருக்காங்க.

உங்க ஆளுங்களும் லேசுப்பட்டவங்க இல்ல. ஒருத்தர் 5ஆம் தேதி, 12ஆம் தேதி, 19ஆம் தேதின்னு மூணு பெட்ரோல் பில் வச்சாரு. மூணும் ஒரே பங்க், பில் நம்பரு அடுத்தடுத்து. பங்க் பையன்கிட்ட எழுதாத புக்க அப்படியே வாங்கிட்டு வந்துட்டாரு போல. கூப்பிட்டுக் காட்டுனேன். சிரிச்சுட்டு மூணையும் கிழிச்சுப் போட்டாரு.

மேலூர் அக்கா:
எனக்கு மகளிர் குழுக் கடன் வசூல். ஸ்கூட்டிதான் துணை. மாசத்துக்கு இம்புட்டுன்னு பெட்ரோல் காசு குடுத்துருவாங்க, பில்லு கேக்க மாட்டாங்க, அதுல நிம்மதி. ஆனா கொட்டாம்பட்டிப் பக்கம் நாலு சென்டர், குழுவுங்க கூடிப் பணம் கட்டுற இடம், சேத்துவிட்டு ஆறு மாசமாச்சு, காசு மட்டும் பழைய காசுதான். இருபதாம் தேதிக்கு மேல என் கைக்காசுலதான் வண்டி ஓடுது. போன வாரம் கருவேலமுள்ளு ஏறி டியூப்பே மாத்த வேண்டியதாப் போச்சு. கேட்டதுக்கு, "பெட்ரோல் அலவன்ஸ்லயே எல்லாம் அடக்கம்மா"ங்கிறாரு பிராஞ்ச் மேனேஜரு.

ஒத்தக்கடை ரெப்:
அக்கா, அந்தச் சென்டர் பேரு, தூரம் எல்லாம் ஒரு தாள்ல எழுதி, ஸ்பீடோமீட்டர போகும்போதும் வரும்போதும் போட்டோ எடுத்து மெயில்ல போடுங்க. வாயால கேட்டா இல்லைன்னுருவாங்க. நான் அப்படித்தான் ஒத்தக்கடை டு ஆரப்பாளையம் வாங்குனேன், ஒன்றரை வருஷம் கழிச்சு.

மேலூர் அக்கா:
ஸ்பீடோமீட்டர் ஓடலயே தம்பி. அதுக்கு யாருகிட்ட பில்லு போட?