ஸ்பானிஷ் பேசும் மக்களும் நம்ம ஊர் நூலகமும்: பார்த்ததும் பழகியதும்

பாலைவனத் தோட்டம் (டூசான், அரிசோனா) எழுதுகிறார்:

எங்கள் பிமா கவுண்டி நூலகத்தில் 2012 முதல் விதையும் இரவல் தருகிறார்கள். முன்பு அட்டவணைச் சீட்டுகள் இருந்த மர இழுப்பறைகளில் இப்போது விதைப் பொட்டலங்கள். நூலக அட்டை இருந்தால் போதும், காசு கிடையாது. விளைந்தால் கொஞ்சம் விதை திருப்பிக் கொடுக்கலாம். கொடுக்காவிட்டாலும் யாரும் கேட்பதில்லை.

பொட்டலம் போட்டுக் கொடுக்க நானும் போவேன். ஒருநாள் மெக்சிகோவின் சொனோரா பக்கத்துப் பாட்டி ஒருவர் பேத்தியோடு வந்தார். வறட்சியைத் தாங்கும் தெபாரி பீன்ஸ் விதையைக் கண்டதும் முகம் மலர்ந்து, மடமடவென்று ஸ்பானிஷில் பேசத் தொடங்கிவிட்டார். நல்லவேளை, அன்று மேசையில் ஸ்பானிஷ் தெரிந்த பணியாளர் இருந்தார். பாட்டி சொன்னது இதுதான்: ஜூன் 24 சான் ஹுவான் திருநாளுக்குப் பின் வரும் மழையில் ஊன்ற வேண்டும். அதற்குப் பிறகும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால் கொடிதான் தழைக்கும், காய் பிடிக்காது. நெற்று செடியிலேயே முழுக்கக் காய்ந்தால் வெடித்துச் சிதறிவிடும், நிறம் மாறியதுமே பறித்துத் துணியில் பரப்ப வேண்டும் என்றார். எங்கள் துண்டறிக்கையில் இதில் பாதிகூட இல்லை. பணியாளர் பக்கத்திலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அடுத்த விதைச் சேமிப்பு வகுப்பைப் பாட்டியே எடுத்தார்.

தண்ணீர்ப் பஞ்சம் உள்ள ஊரில் ஒரு நூலகம் செய்யக்கூடிய பெரிய வேலை இதுதான் என்று நினைக்கிறேன்.

ஏழாம் நம்பர் ரயில் (குயின்ஸ், நியூயார்க்) எழுதுகிறார்:

உங்கள் விதைக் கதையைப் படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது. குயின்ஸ் நூலகம் புதிதாகக் குடியேறியவர்களுக்கென்று 1977-லேயே தனித் திட்டம் தொடங்கிவிட்டது. ஆனாலும் வாசலைத் தாண்டப் பலருக்குப் பயம். மகளோடு நூலகத்தில் குழந்தைகளுக்கான கதை நேரத்துக்குப் போகும்போது பழக்கமான ஈக்வடார் அம்மா ஒருவர், ஆவணம் கேட்பார்களோ என்று உறுப்பினர் அட்டையே எடுக்காமல் இருந்தார். 2015-இல் வந்த நகர அடையாள அட்டைக்குக் குடியேற்ற நிலை தடையில்லை, அதைக் காட்டினால் போதும் என்று சொல்லிக் கூட்டிப்போனேன். அட்டை வந்தது, புத்தகம் மட்டும் எடுக்கவில்லை. தாமதமானால் அபராதமாம்! நகரத்தின் மூன்று நூலக அமைப்புகளும் அதை 2021-இல் அடியோடு நீக்கிவிட்டன என்றதும்தான் பை நிறைய எடுத்தார்.

ஒரு கேள்வி: ஸ்பானிஷ் அலமாரியில் ஆங்கிலப் படக்கதைகளின் மொழிபெயர்ப்பே நிறைய இருக்கிறதே, ஏன்?

நூலகப் பணியாளர் (டெக்சஸ்) எழுதுகிறார்:

இங்குள்ள விநியோகஸ்தர்களிடம் சுலபமாகக் கிடைப்பது அதுதான், அம்மா. ஸ்பானிஷிலேயே எழுதப்பட்ட புத்தகம் வேண்டுமென்றால் தேடிப் போக வேண்டும். மெக்சிகோவின் குவாதலஹாராவில் 1987 முதல் ஆண்டுதோறும் நடக்கும் புத்தகக் கண்காட்சிக்கு அமெரிக்க நூலகர்கள் போய் வாங்கி வருகிறார்கள்.

நீங்கள் இருவரும் சொன்னதை வைத்து என் மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். நான் முன்பு வேலை பார்த்த ஓர் ஊரில் ஸ்பானிஷ் கதை நேரம் மானியத்தில் நடந்தது. மானியம் முடிந்ததும் பகுதிநேரப் பணியாளரை அனுப்பிவிட்டார்கள். சில வாரம் தாய்மார்கள் வந்து பார்த்தார்கள், பிறகு நின்றுவிட்டார்கள். அலமாரி நிறையப் புத்தகம் இருந்தும் பேச ஆள் இல்லை. போர்ட்டோ ரிக்கோவில் பிறந்த நூலகர் பூரா பெல்ப்ரே 1921-இல் நியூயார்க் பொது நூலகத்தில் சேர்ந்து, பிறகு பொம்மலாட்டத்தோடு ஸ்பானிஷில் கதை சொன்னபோது அந்நகரின் ஹார்லெம் பகுதியில் கூட்டம் சேர்ந்தது, அங்கே அவர் இருந்ததால்தானே?

அமெரிக்க நூலகச் சங்கம் 2019-இல் நிலைத்தன்மையை, அதாவது சுற்றுச்சூழலும் சமூகமும் நீடித்து நிலைக்கச் செய்வதை, தன் அடிப்படை விழுமியங்களில் சேர்த்தது. சோலார் தகடு, எல்இடி விளக்கு எல்லாம் அவசியம்தான். ஸ்பானிஷ் பேசும் பணியாளருக்கு நிரந்தரப் பணியிடம் வேண்டும் என்பதையும் அதே பட்டியலில் வைத்துக் கேட்கிறேன்.

டூசான் நண்பரே, உங்கள் ஊர் நிதிநிலைக் கூட்டத்துக்கு அந்தப் பாட்டியை அழைத்துப் போங்கள். அவர் ஸ்பானிஷிலேயே பேசட்டும். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று மட்டும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.