பித்தப்பை ஆபரேஷன்: நாலு துளையா, ஒரே துளையா, ரோபோவா?

தண்டையார்பேட்டை செவிலியர்:
கிளினிக்குக்கு வரும் 52 வயது அம்மா. காசிமேட்டில் மீன் வாங்கி விற்பவர், தினமும் 15, 20 கிலோ கூடை தூக்குவார். பித்தப்பையில் பல கற்கள், பெரியது 14 மி.மீ. பொதுப் பித்தக்குழாய் (ஈரலிலிருந்து குடலுக்குப் பித்தம் போகும் வழி) 5 மி.மீ., ஈரல் டெஸ்ட் நார்மல். மூணு மாசத்தில் நாலு தடவை வலி. எடை 78 கிலோ, சர்க்கரை உண்டு. ஒரு இடத்தில் "தொப்புள் வழியா ஒரே துளை, தழும்பே தெரியாது" என்கிறார்கள், இன்னொரு இடத்தில் ரோபோ. வழக்கமான நாலு துளையோடு ஒப்பிட்டால் என்ன வித்தியாசம்? அவருக்குப் புரியும்படி சொல்ல வேண்டும்.

ராயபுரம் சர்ஜன்:
இவருக்கு நாலு துளைதான். காரணம் அந்தக் கூடை.

நாலு துளையில் தொப்புளில் 10 மி.மீ. கேமரா, நெஞ்சுக்குழிக்குக் கீழே 10 மி.மீ., வலது விலா ஓரத்தில் இரண்டு 5 மி.மீ. ஒரு கருவி பித்தப்பையின் நுனியை வலது தோள் பக்கம் தூக்கிப் பிடிக்கும். இன்னொன்று பித்தப்பையின் கழுத்துப் பகுதியை வெளிப்பக்கம் இழுக்கும். இந்த இரண்டாவது இழுப்புதான் உயிர்நாடி. அது சரியாக இருந்தால் பித்தப்பைக் குழாய் பொதுக் குழாய்க்குக் குறுக்காக விலகி நிற்கும். மேல்பக்கம் மட்டும் இழுத்தால் இரண்டும் ஒரே கோட்டில் வந்துவிடும், பொதுக் குழாயையே பித்தப்பைக் குழாய் என்று நினைத்து வெட்டிவிடுவார்கள். பெரிய விபத்துகள் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கின்றன.

ஒரே துளையில் தொப்புளை 2 முதல் 2.5 செ.மீ. வரை திறக்கிறார்கள். கேமராவும் கருவிகளும் அதே வழியில் போவதால் ஒன்றோடொன்று முட்டும், அந்த இழுப்பும் முழுசாகக் கிடைக்காது. நேரமும் கூடும். பின்னால் தொப்புளில் குடலிறக்கம் வரும் வாய்ப்பும் நாலு துளையைவிட அதிகம். எடை, சர்க்கரை, தினசரிப் பளு மூன்றும் சேர்ந்த உடம்புக்கு அது வேண்டாத ஆபத்து.

தியேட்டர் டெக்னீஷியன், வண்ணாரப்பேட்டை:
ஒரு சேர்க்கை: நாலு துளையிலும் 14 மி.மீ. கல் 10 மி.மீ. துளை வழியா அப்படியே வராது. பித்தப்பையைப் பையில் போட்டு, பைக்குள்ளேயே கல்லை உடைப்பார்கள், இல்லை துளையை அகட்டுவார்கள். அகட்டினால் தோலுக்குத் தையல் போட்டால் போதாது, அடியில் இருக்கும் தசையுறையையும் தைக்கணும். பை இல்லாமல் இழுத்தால் கிழிந்து கற்கள் வயிற்றில் சிதறும், பிற்பாடு சீழ்க்கட்டி வரலாம்.

மினி முறை என்று 2, 3 மி.மீ. கருவியும் உண்டு. சுவர் தடித்த பித்தப்பையில் அது வளையும்.

மாதவரம் சர்ஜன்:
ரோபோவில் கருவியின் மணிக்கட்டு வளையும், படம் முப்பரிமாணம். ஆனால் வழக்கமான ரோபோ முறையிலும் 8 மி.மீ. துளைகள் மூன்று, நாலு போடத்தான் வேண்டும். தழும்பு குறையாது, செலவு கூடும். 2023-ல் அமெரிக்க மெடிகேர் (பெரும்பாலும் முதியோருக்கான அரசுக் காப்பீடு) நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் பித்தக்குழாய் காயம் ரோபோவில் 0.7%, லேப்ராஸ்கோபியில் (ரோபோ இல்லாத துளை முறை) 0.2%. சிக்கலில்லாத பித்தப்பைக்கு ரோபோ தேவையில்லை என்பதே என் கருத்து.

சர்ஜனிடம் கேட்கச் சொல்லுங்கள்: குழாயை மூடும் கிளிப் போடுமுன், 1995-ல் சர்ஜன் ஸ்ட்ராஸ்பெர்க் வகுத்த பாதுகாப்புப் பார்வையைப் படம் எடுப்பீர்களா? பித்தப்பைக் குழாய், ஈரல் குழாய், ஈரல் ஓரம் மூன்றுக்கும் நடுவிலுள்ள முக்கோணத்தில் கொழுப்பும் நாரும் நீங்கியிருக்கணும், பித்தப்பையின் கீழ் மூன்றில் ஒரு பங்கு ஈரலிலிருந்து பிரிந்திருக்கணும், பித்தப்பைக்குள் இரண்டே குழாய்கள் (பித்தப்பைக் குழாயும் அதன் ரத்தத் தமனியும்) போகணும். மூன்றும் கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள்? பித்தப்பையில் ஒரு பகுதியை விட்டுவிட்டு மற்றதை எடுப்பது, வயிற்றைத் திறப்பது, இரண்டும் தோல்வியில்லை என்று சொல்பவரிடம் போகலாம்.

தண்டையார்பேட்டை செவிலியர்:
நன்றி சார். மருந்து, ஓய்வு?

ராயபுரம் சர்ஜன்:
எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகள் சாப்பிட்டால் டாக்டரிடம் சொல்லி 3 நாள் முன்பே நிறுத்தணும். இல்லையென்றால் சர்க்கரை அதிகம் ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் கூடலாம். வயிற்றில் கார்பன் டை ஆக்சைடு 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் ஏற்றுவார்கள், அதனால் ஓரிரு நாள் தோள்பட்டை வலி வரலாம். பயம் வேண்டாம். ஆனால் வயிற்று வலி நாளுக்கு நாள் கூடினால், காய்ச்சல், மஞ்சள் கண், வயிறு உப்பல் வந்தால் பித்தக் கசிவோ என்று அன்றே பார்க்கணும். கூடை தூக்க 4 முதல் 6 வாரம். அதுவரை வேறு யாராவது தூக்கட்டும், அவர் தராசைப் பார்க்கலாம்.

ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் விசாரியுங்கள், காப்பீட்டு அட்டையைக் கையோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள்.