பங்கரை ஏன் வளைத்து வளைத்து வெட்டினார்கள்?

மீன்மகள்:
எல்லாருக்கும் வணக்கம். நான் கல்லாறு, உயர்தரத்தில் வரலாறு படிக்கிறேன். முதலாம் உலகப் போர்ப் படங்களில் பதுங்குகுழிகள் எல்லாம் பாம்பு ஊர்ந்த தடம் மாதிரி வளைந்து வளைந்து போகின்றன. நேராக வெட்டினால் வேலை சுகம்தானே? மற்றது, நாலு வருசமும் தண்ணீருக்குள் நின்றார்கள் என்று ஒரு குறிப்பில் கிடக்கிறது. அள்ளி ஊற்ற வழியில்லையா?

வரம்படி:
ஷெல் ஒன்று உள்ளே விழுந்தால் சிதறல் அந்த ஒரு முடக்கோடு நின்றுவிடும். எதிரி ஒரு முனையில் குதித்தாலும் அப்படித்தான். நேர் குழியென்றால் அவன் ஒருவனே கடைசி ஆள் வரை சுட்டுத் தள்ளலாம். முடக்கு இருந்தால் அடுத்த ஆள் கண்ணில் படமாட்டான்.

நாலு வருசம் என்பது பிழை. பிரித்தானியப் படையில் சில நாள் முன்வரிசை, பிறகு பின்வரிசை, பிறகு ஓய்வு என்று மாற்றி மாற்றித்தான் விட்டார்கள்.

வாவிக்கரை:
மகள், தண்ணீர் விசயத்தை நான் சொல்கிறேன், அனுபவம் இருக்கிறது. 1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியபோது எனக்கு 13 வயது. எங்கள் வளவு மட்டக்களப்பு எழுவான்கரையில், வாவிக்குக் கிட்ட. அப்பாவும் நானும் வீட்டுக்குப் பின்னால் கோடிக்குள் பங்கர் வெட்டினோம், 'ட' வடிவில். நேராக வெட்டினால் வாசலால் சன்னம் வரும் என்று அப்பாவுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். பிரான்சில் படித்த பாடம் எந்த வழியாக எங்கள் கோடிக்கு வந்ததோ தெரியாது.

இடுப்பளவு தோண்டியதும் மணல் சரியத் தொடங்கிவிட்டது. தென்னங்குற்றி அடித்து, யூரியாப் பையில் மண் நிரப்பி முண்டு கொடுத்தோம். கார்த்திகை மழையோடு உள்ளே முழங்கால் தண்ணீர். வாளியால் அள்ளினால் அடுத்த நாள் காலை அதே மட்டம். ஊற்றுத் தண்ணீர், கிணறு இறைத்தா முடியும்?

பெல்ஜியத்தில் ஈப்பர் பக்கமும் இதே கதைதான். அங்கே மணலுக்குப் பதில் களி. மாரியில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் வயலுக்குள் செருப்பை விட்டவருக்குத் தெரியும். இரண்டு மூன்று அடியில் தண்ணீர் வந்ததால் பல இடத்தில் ஆழமாக வெட்டவேயில்லை, மண்மூட்டையை மேலே அடுக்கி அணை கட்டி அதற்குப் பின்னால் நின்றார்கள். 1914 கடைசியில் ஜேர்மனியர் மேட்டு நிலங்களைப் பிடித்துக்கொண்டார்கள். பள்ளத்தில் நின்ற பிரித்தானியர் பக்கம்தானே தண்ணீர் இறங்கும்? அடியில் பலகைத் தட்டி போட்டும் கால் ஊறி, மரத்து, வீங்கி, அழுகிப்போனது. சிலருக்குக் காலையே எடுத்தார்கள். திமிங்கில எண்ணெய் பூசு, காலுறையை மாற்று என்று கட்டளை. அதிகாரி வந்து ஆளாளின் பாதத்தைப் பார்ப்பாராம்.

பிரான்சில் சொம் பக்கம் நிலம் சுண்ணக்கல். ஜேர்மனியர் 30 அடி வரை இறங்கி அறை வெட்டினார்கள். ஏழு நாள் ஷெல் அடித்தும் அவற்றில் பல இடியவில்லை. 1916 யூலை 1 காலை பிரித்தானியர் முன்னேறியபோது மேலே ஏறி இயந்திரத் துப்பாக்கியைப் பூட்டிவிட்டார்கள். அன்று மட்டும் பிரித்தானியத் தரப்பில் 19,240 பேர் செத்தார்கள். கட்டுரையில் இந்த இரண்டு மண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதிப் பார்.

காரைதீவான்:
துருக்கியில் கலிப்போலிப் போர்முனையில் நேர்மாறு. குடிக்கவே தண்ணீர் இல்லை, கப்பலில் கொண்டுவந்து இறக்கினார்கள். இங்கிருந்து போன இலங்கைத் தோட்டத் துரைமார் துப்பாக்கிப் படையும் 1915இல் அங்கே நின்றது, பேர்ட்வூட் தளபதிக்குக் காவலாக. பேர்தான் இலங்கை, ஆட்கள் வெள்ளைக்காரர்.

மீன்மகள்:
நன்றி வாவிக்கரை சேர். தண்ணீர் வந்த பிறகும் அந்தப் பங்கருக்குள் இறங்கினீர்களா?

வாவிக்கரை:
நான் சேர் இல்லை மகள், கடை வைத்திருக்கிறேன். நாங்கள் இறங்கினோம். அம்மம்மா ஒரே ஒரு தடவைதான். காலில் தவளை ஏறியதும் மேலே வந்து, "செத்தாலும் வீட்டுக்குள்ள காஞ்சு கிடந்து சாகிறன்" என்று பாயை விரித்தா. மறுகா எத்தனை ஷெல் விழுந்தும் அவ இறங்கவேயில்லை.