முகத்துவாரத்தில் கொடுவா, பாறை, வஞ்சிரம்: நரம்பிலேயே தெரியும் அடையாளம்

சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டு உப்பங்கழி கோவளத்துக்கு அருகே கடலில் சேரும் இடத்தில் தூண்டில் போடுகிறவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கடித்தது என்ன மீன் என்பது அது மேலே வருவதற்கு முன்பே தெரிந்தாக வேண்டும். ஒரு மீனுக்கு நரம்பை, அதாவது தூண்டில் இழையை, விட்டுக் கொடுக்க வேண்டும். இன்னொன்றுக்கு ஒரு முழம்கூட விடக் கூடாது.

இங்கே முகத்துவாரம் ஆண்டு முழுவதும் திறந்திருப்பதில்லை. கோடையில் மணல் மேடிட்டு மூடிக்கொள்ளும். வடகிழக்குப் பருவமழை பெய்து வெள்ளம் வந்த பிறகு திறந்துகொள்ளும். அதன் பின், கடல்நீர் இறங்கும் வற்றம் தொடங்கும் மாலை நேரத்தைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். கழியிலிருந்து இறங்கும் நீரோடு மடவைக் குஞ்சுகளும் இறாலும் வெளியே வரும். கொடுவா அவற்றைத் துரத்தி அலையாது. கல்லையோ பாலத்தின் தூணையோ ஒட்டி, நீரோட்டத்தின் ஓரத்தில் காத்து நிற்கும்.

அது இரையைக் கவ்வி இழுப்பதில்லை. வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிவிடும். மேல்மட்டத்தில் எடுத்தால் ‘டொப்’ என்று சத்தம் கேட்கும். அடுத்த கணமே துள்ளி எழுந்து தலையை உதறும். பெரும்பாலும் தூண்டில் முள் கழன்றுபோவது அந்தத் துள்ளலில்தான். போன கார்த்திகையில் உயிருள்ள மடவைக் குஞ்சுக்கு ஒரு கொடுவா மாட்டியபோது, பக்கத்தில் வலை வீசிக்கொண்டிருந்த கோவளத்துப் பெரியவர், “தம்பி, கோலைத் தாழ்த்து! நரம்பு தொய்யக் கூடாது!” என்று குரல் கொடுத்தார். கோல் நுனியைத் தண்ணீரோடு தண்ணீராகச் சாய்த்தேன். இரண்டாம் முறை அதனால் பாதி உடலைத்தான் வெளியே தூக்க முடிந்தது. டார்ச் வெளிச்சத்தில் கண் தணல் போல் மின்னியது. கண்ணுக்கு மேலே உட்குழிந்த தலை, கண்ணைத் தாண்டிப் பின்னால் நீளும் வாய், வட்டமான வால் ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டால் வேறு மீனோ என்ற ஐயமே வராது. செவுள் மூடியில் மட்டும் விரலை வைக்காதீர்கள். அதன் விளிம்பும் முள்ளும் தோலைக் கிழித்துவிடும், நரம்பையும் அறுத்துவிடும்.

பாறை மீன் துள்ளாது. அடியை நோக்கி முட்டிக்கொண்டு போகும். கற்கள் இருக்கும் இடமானால் அதற்கு நரம்பு விடவே கூடாது. கல்லில் உரசினால் எல்லாம் போயிற்று. வாலடியின் இருபுறமும் வரிசையாக இருக்கும் கடினமான செதில்களைத் தடவினாலே இனம் தெரிந்துவிடும். கரைக்கு வந்ததும் உறுமவும் செய்யும். முதன்முதலாகக் கேட்பவர்கள் திடுக்கிட்டுப் போவார்கள்.

வஞ்சிரம் படகில் போனால்தான் நன்றாக அகப்படும். இதன் வேகமே தனி. ரீல் கதறும், விட்டுவிடுங்கள், ஓடட்டும். திறந்த கடலில் அது போய்ச் சிக்கிக்கொள்ளக் கல் இல்லை. ஆனால் அதன் பற்கள் வெறும் நரம்பை நொடியில் வெட்டிவிடும் என்பதால் முள்ளுக்கு மேலே ஒரு சாண் எஃகுக் கம்பி வேண்டும். சீலாவுக்கும் அதே கம்பிதான். நீளமான உடலை மட்டும் பார்த்து இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. சீலாவின் முதுகில் இரண்டு துடுப்புகளும் ஒன்றுக்கொன்று வெகு தூரம் விலகி நிற்கும். கீழ்த்தாடை முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். வாலுக்கு முன்னால் மேலும் கீழும் சின்னச் சின்னத் துடுப்புகள் வரிசையாக இருந்தால் அது வஞ்சிரம்.

கடல் விராலை நீரில் பார்த்துச் சுறா என்று நினைத்து நரம்பை அறுத்துவிட்டவரை நான் அறிவேன். பெரிய திருக்கையின் மேலே தொடர்ந்து நீந்தும் பழுப்பு மீனைக் கண்டால் அவசரப்பட வேண்டாம், அது கடல் விராலாக இருக்கலாம்.

மறுபடியும் கொடுவாவுக்கே வருகிறேன், ஏனென்றால் இதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. கொடுவா பெரும்பாலும் ஆணாகவே பருவமடைந்து, வளர்ந்த பிறகு பெண்ணாக மாறும் மீன். மிகப் பெரியவை அநேகமாக முட்டையிடும் தாய்மீன்கள். முகத்துவாரத்தை ஒட்டிய உப்பு மிகுந்த நீரில்தான் அவை முட்டையிடுகின்றன. படம் எடுப்பதற்காக அவற்றைத் தாடையில் தொங்கவிடுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. சமைக்க இரண்டு கிலோ மீன் தாராளம். பெரியது வந்தால் தண்ணீரிலேயே வைத்துக் குறடால் முள்ளை எடுங்கள். வயிற்றைத் தாங்கி, தலையை ஓட்டத்துக்கு எதிரே திருப்பிப் பிடித்துக்கொண்டிருங்கள். வாலை அடித்துத் தானாகவே கையை விட்டுப் போகும்வரை பிடியைத் தளர்த்த வேண்டாம்.